எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை மேம்படுத்தல்

எம்.ஜி.பி. என்பது இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலிருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். மேற்பகுதி திறந்த ரோட்ஸ்டர், 1965-இல் வந்த நிலையான கூரையுள்ள ஜி.டி. ஆகிய இரு வடிவங்களும் சேர்ந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. ஏராளமாகப் பிழைத்திருப்பதாலும், எளிய அமைப்பு உடையதாலும், உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுவதாலும், பழைய ஸ்போர்ட்ஸ் காரின் செயல்திறனைக் கூட்ட விரும்புவோர் மிகுதியாக நாடும் கார்களுள் இது ஒன்றாக இருக்கிறது.

ஒரு பழைய காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே கொண்டு வருவது புதுப்பித்தல் எனப்படும். அதன் வேகம், நிறுத்தும் திறன், திரும்பும் திறன் ஆகியவற்றை முன்பிருந்ததைவிட உயர்த்துவது மேம்படுத்தல் எனப்படும். இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. மேம்படுத்தலில் எந்தப் பாகத்தை வாங்குவது என்பதைவிட, எந்த வேலையை முதலில் செய்வது என்பதே முக்கியமானது. வரிசை தவறினால் பணம் வீணாவதோடு காரும் ஆபத்தானதாகிவிடும்.

மூல அமைப்பு

எம்.ஜி.பி.யின் இதயம் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசை எஞ்சின் ஆகும். நான்கு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் அமைந்த, வார்ப்பிரும்பாலான எஞ்சின் இது. இதன் கொள்ளளவு 1,798 கன செ.மீ. இந்தியச் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய அம்பாசடர் காரின் 1,489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அந்த அளவு எஞ்சின்தான் 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. காரில் முதலில் பொருத்தப்பட்டது. படிப்படியாகப் பெரிதாக்கப்பட்டு எம்.ஜி.பி.யில் 1,798 ஆயிற்று.

தொடக்ககால எம்.ஜி.பி.யின் எஞ்சின் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களுடன் 95 குதிரைத்திறன் தருவதாக அறிவிக்கப்பட்டது. காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. உச்ச வேகம் மணிக்கு 160 கி.மீ.யைச் சற்றுத் தாண்டும். முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களில் டிரம் பிரேக். முன்புறம் சுருள் ஸ்பிரிங், பின்புறம் லாரிகளில் காண்பது போன்ற அடுக்குப் பட்டை ஸ்பிரிங். கியர் பாக்ஸில் நான்கு முன்னோக்கு கியர்கள்.

இந்த அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டவை. 95 குதிரைத்திறனுக்கு ஏற்ற பிரேக், அந்தப் பிரேக்குக்கு ஏற்ற டயர், அந்த டயருக்கு ஏற்ற ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றும் மற்றொன்றை எண்ணியே வைக்கப்பட்டது. ஓர் இடத்தில் திறனைக் கூட்டினால் அதன் சுமை அடுத்த பாகத்தின் மேல் போய் விழும்.

தொழிற்சாலையே கற்ற பாடம்

இந்தப் பொருத்தத்தின் முக்கியத்துவத்தை எம்.ஜி. நிறுவனத்தின் இரண்டு கார்களே காட்டுகின்றன.

1967-இல் எம்.ஜி.சி. என்ற கார் வெளிவந்தது. எம்.ஜி.பி.யின் உடற்கூட்டிலேயே ஆறு சிலிண்டர்கள் கொண்ட 2,912 கன செ.மீ. எஞ்சின் வைக்கப்பட்டது. திறன் 145 குதிரைத்திறனாக உயர்ந்தது. ஆனால் அந்த இரும்பு எஞ்சின் பழையதைவிட ஏறத்தாழ 95 கி.கி. கூடுதல் எடை கொண்டது. அந்த எடை முழுவதும் காரின் மூக்கில் அமர்ந்தது. நேர்ச்சாலையில் விரைந்த கார், வளைவுகளில் திரும்ப மறுப்பதாக விமர்சனம் எழுந்தது. 1969-இல் உற்பத்தி நின்றது. சுமார் 9,000 கார்களே செய்யப்பட்டிருந்தன.

1970-களின் தொடக்கத்தில் கென் காஸ்டெல்லோ என்ற ஆங்கிலேயப் பந்தய ஓட்டுநர் வேறு வழியைக் கண்டார். ரோவர் கார்களில் இருந்த அலுமினிய வி-8 எஞ்சினை எம்.ஜி.பி.க்குள் பொருத்தி விற்றார். எட்டு சிலிண்டர்களும் 3,528 கன செ.மீ. கொள்ளளவும் இருந்தும், அலுமினியத்தால் ஆனதால் அதன் எடை பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினின் எடைக்கு ஏறத்தாழ நிகராகவே இருந்தது. இதன் வெற்றியைக் கண்ட நிறுவனம் 1973-இல் தானே எம்.ஜி.பி. ஜி.டி. வி-8 காரை வெளியிட்டது. 137 குதிரைத்திறன் கொண்ட அக்கார் மணிக்குச் சுமார் 200 கி.மீ. வரை ஓடியது. 1976 வரை 2,591 கார்கள் செய்யப்பட்டன.

எம்.ஜி.சி.யைவிட வி-8-இன் குதிரைத்திறன் குறைவு. ஆயினும் ஓட்டுவோரிடம் நற்பெயர் பெற்றது வி-8தான். எடை எங்கே அமர்கிறது என்பது திறனுக்கு ஈடான முக்கியத்துவம் உடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முதல் வேலை: உடற்கூடு

எம்.ஜி.பி.க்குத் தனி சேசிஸ் கிடையாது. தகடுகளைப் பற்றவைத்து உருவாக்கிய உடற்கூடே முழுச் சுமையையும் தாங்குகிறது. குறிப்பாக, கூரையில்லாத ரோட்ஸ்டரில் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவத் தகடுகளே காரின் முதுகெலும்பு. மழையும், குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் இந்தத் தகடுகளை உள்ளிருந்து அரிக்கின்றன. வெளியே பளபளப்பான வண்ணம் இருக்கும்போதே உள்ளே துரு தின்று முடித்திருக்கலாம்.

இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. காரை ஒரு பக்கமாக ஜாக்கியால் உயர்த்தும்போது கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறினாலோ, கதவு திறக்கச் சிரமப்பட்டாலோ, உடற்கூடு வளைகிறது என்று பொருள். இத்தகைய காரில் கூடுதல் திறனுள்ள எஞ்சினைப் பொருத்துவது, கரையான் அரித்த உத்தரத்தில் ஊஞ்சல் கட்டுவதற்கு ஒப்பாகும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

பழுது பெரிதானால் புதிய உடற்கூடே வாங்கலாம். மூலக் கார்களுக்குத் தகடு அழுத்திய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்.ஜி.பி.யின் உடற்கூட்டைப் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது.

இரண்டாம் வேலை: நிறுத்தும் திறன்

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது பள்ளி இயற்பியல். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் 120 கி.மீ. வேகத்தில் சென்றால், வேகம் ஒன்றரை மடங்குதான். பிரேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றலோ 2.25 மடங்கு. திறனைக் கூட்டுவதற்கு முன் பிரேக்கைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பெரும்பாலான எம்.ஜி.பி.களில் புதிய வகை பிரேக் வாங்கத் தேவையில்லை. இருப்பதைச் சரியான நிலைக்குக் கொண்டு வந்தாலே போதும். முன் டிஸ்க்குகள் 273 மி.மீ. விட்டம் கொண்டவை. இலேசான காருக்கு அது தாராளமான அளவு. கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

- பழைய ரப்பர் குழாய்கள் அழுத்தத்தில் உப்பும். அவற்றை மாற்றினால் பெடலின் உறுதி உடனே தெரியும்.
- பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த திரவம் சூட்டில் கொதித்தால் பெடல் தரைவரை அமிழ்ந்துவிடும். குறிப்பிட்ட கால இடைவெளியில் அதை மாற்ற வேண்டும்.
- டிஸ்க்கைப் பிடிக்கும் பேடுகளில் பல தரங்கள் உண்டு. பந்தயத்துக்கான பேடுகள் நன்கு சூடேறிய பிறகே பிடிக்கும். அன்றாடச் சாலைக்கு அவை ஏற்றவை அல்ல.
- சர்வோ என்ற உதவி அமைப்பு காலின் உழைப்பைக் குறைக்குமே தவிர, பிரேக்கின் வெப்பம் தாங்கும் திறனைக் கூட்டாது.

வி-8 போன்ற பெரிய எஞ்சின் வைப்போர் மட்டும் தடித்த டிஸ்க்குகளையும், அவற்றுக்கேற்ற பெரிய காலிப்பர்களையும் பொருத்துகின்றனர்.

மூன்றாம் வேலை: டயரும் சஸ்பென்ஷனும்

எஞ்சின், பிரேக், ஸ்டீயரிங் ஆகிய மூன்றின் வேலையும் கடைசியில் உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்ப் பரப்புகள் வழியாகவே சாலையைச் சேர்கிறது. ஆண்டுக்குச் சில நூறு கி.மீ. மட்டுமே ஓடும் பழைய கார்களில் டயர் தேயாமலேயே மூப்படைந்து இறுகிவிடும். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்பதற்காக இருபது ஆண்டுப் பழைய டயரை நம்பக் கூடாது. புதிய நல்ல ரேடியல் டயர்கள் தரும் மாற்றம் பல எஞ்சின் வேலைகள் தரும் மாற்றத்தைவிடப் பெரிது. அளவுக்கு மீறி அகலமான டயர் பின்சக்கர வளைவில் உரசும், ஸ்டீயரிங்கும் கனக்கும்.

எம்.ஜி.பி.யின் ஷாக் அப்சார்பர் இன்றைய குழாய் வடிவம் உடையதல்ல. எண்ணெய் நிறைந்த ஒரு பெட்டியும் அதிலிருந்து நீளும் கையுமாக இருக்கும் நெம்புகோல் வகை. முன்புறத்தில் அந்தக் கையே சஸ்பென்ஷனின் மேற்கையாகவும் பயன்படுகிறது. எனவே அது தேய்ந்தால் அதிர்வு தாங்குவது மட்டுமன்றி, சக்கரத்தின் சாய்வும் கெடும். நன்கு செப்பனிட்ட மூல வகையே பலருக்குப் போதுமானது. குழாய் வகைக்கு மாற்றும் தொகுப்புகளும் கிடைக்கின்றன.

1974-இன் பிற்பகுதியில் அமெரிக்கச் சட்டத்துக்கு ஏற்ப எம்.ஜி.பி.க்குக் கருப்பு நிறப் பெரிய பம்பர்கள் வந்தன. உயர விதியை நிறைவேற்றக் காரே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் உயர்த்தப்பட்டது. முன்புறச் சாய்வுத் தடுப்புக் கம்பியும் அப்போது நீக்கப்பட்டது. இதனால் வளைவுகளில் கார் வெகுவாகச் சாய்ந்தது. 1977 மாதிரியில் நிறுவனம் முன்னும் பின்னும் சாய்வுத் தடுப்புக் கம்பிகளைச் சேர்த்து இதைத் திருத்தியது. இடைப்பட்ட ஆண்டுக் கார் வைத்திருப்போர் கம்பியைப் பொருத்துவதும், ஸ்பிரிங்கைப் பழைய உயரத்துக்கு இறக்குவதும் குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும்.

நான்காம் வேலை: எஞ்சின்

எஞ்சினில் எதையும் மாற்றுவதற்கு முன், இருக்கும் எஞ்சின் தன் முழுத் திறனைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டர்களின் அழுத்தம், வால்வு இடைவெளி, தீப்பொறி நேரம், கார்புரேட்டர்களின் ஒத்திசைவு ஆகிய நான்கையும் சரிசெய்தாலே, எப்போதோ தொலைந்த குதிரைகள் சில திரும்பி வரும். தேயும் காண்டாக்ட் பாயிண்டுக்குப் பதிலாக மின்னணுத் தீப்பொறி அமைப்பைப் பொருத்தினால் இந்தச் சீர் நெடுநாள் நிலைக்கும். 1967-க்கு முற்பட்ட எம்.ஜி.பி.களில் பேட்டரியின் நேர்முனையே உடற்கூட்டோடு இணைந்திருக்கும். இதைக் கவனியாமல் நவீன மின்னணுக் கருவியை இணைத்தால் அது அக்கணமே பழுதாகும்.

அடுத்தது காற்றின் வழி. எஞ்சின் என்பது அடிப்படையில் ஒரு காற்றுப் பம்பு. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ, அந்த அளவுக்கே பெட்ரோலை எரிக்க முடியும். 'பி' வரிசை எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இரண்டே உள்வழிகள் உண்டு. வெளிவழிகள் மூன்று, நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்கள் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே வாசல் வழியாக இருவர் மூச்சு வாங்குவதால் பங்கு சமமாகக் கிடைப்பதில்லை. இதுவே இந்த எஞ்சினின் இயல்பான எல்லை. இதனால்தான் அனுபவமுள்ளோர் முதலில் சிலிண்டர் ஹெட்டில் பணம் செலவிடச் சொல்கின்றனர். வால்வு இருக்கைகளையும் வழிகளின் வளைவுகளையும் தேர்ந்த கைகள் செப்பனிட்டால், எஞ்சினின் அன்றாட இயல்பு கெடாமல் திறன் கூடும். ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வு இருக்கை வளையங்களையும் பொருத்திவிடலாம். ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பொது விற்பனையிலிருந்து நின்றது. ஈயத்தின் பாதுகாப்பின்றி வார்ப்பிரும்பு இருக்கைகள் கடும் ஓட்டத்தில் தேயும்.

கேம் ஷாஃப்ட் வால்வுகள் எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை முடிவுசெய்கிறது. நெடுநேரம் திறக்கும் பந்தயக் கேம் அதிவேகச் சுழற்சியில் திறனைக் கூட்டும். தாழ்ந்த சுழற்சியில் முறுக்கு விசையைக் குறைக்கும். திறன் என்பது முறுக்கு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. நகரச் சாலையில் 2,000 முதல் 4,000 சுற்றுகளுக்குள் ஓடும் காருக்கு, 6,000 சுற்றுகளில் விழித்துக்கொள்ளும் கேம் பயன்படாது. நெரிசலில் இழுக்க மாட்டாமல் திணறும். மிதமான கேமே சாலைக்கு ஏற்றது.

கொள்ளளவையும் கூட்டலாம். மூல எஞ்சினின் சிலிண்டர் விட்டம் சுமார் 80 மி.மீ., பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் சுமார் 89 மி.மீ. விட்டத்தை ஏறத்தாழ 83.5 மி.மீ. ஆகக் கடைந்து பெரிய பிஸ்டன்களைப் பொருத்தினால் கொள்ளளவு 1,950 கன செ.மீ. ஆகும். விட்டத்தின் இருமடிக்கேற்பப் பரப்பு வளர்வதால் சிறிய மாற்றமே இவ்வளவு பயன் தருகிறது. ஆனால் சிலிண்டர்ச் சுவர் மெலிகிறது. தேர்ந்த பட்டறையில் சுவரின் தடிமனை அளந்த பின்னரே இதைச் செய்ய வேண்டும். 1964-இன் இறுதியில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள் மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டன. கடுமையான வேலைக்கு இந்தப் பிற்கால எஞ்சினே தகுந்தது.

கார்புரேட்டரை மாற்றுவது பலர் முதலில் செய்ய நினைக்கும் வேலை. உண்மையில் அது இறுதியில் வர வேண்டியது. நல்ல நிலையிலுள்ள இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்கள், ஊசிகளை மட்டும் மாற்றினால், மிதமாக மேம்படுத்திய எஞ்சினுக்குப் போதும். விதிவிலக்கு, 1970-களின் பிற்பாதியில் அமெரிக்காவுக்குச் சென்ற கார்கள். புகைக் கட்டுப்பாட்டுக்காக ஒற்றைக் கார்புரேட்டர் பொருத்தப்பட்ட அவற்றின் திறன் 70 குதிரைத்திறனுக்கும் கீழே இறங்கிவிட்டது. அங்குள்ள உரிமையாளர்கள் தங்கள் மாநிலப் புகை விதி அனுமதித்தால் இரட்டை எஸ்.யு.க்கு மாறுவது வழக்கம்.

ஐந்தாம் வேலை: கியரும் குளிர்விப்பும்

நான்காம் கியரில் மணிக்கு 110 கி.மீ. செல்லும் எம்.ஜி.பி.யின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,800 சுற்றுகள் சுழலும். ஓவர் டிரைவ் என்ற கூடுதல் அமைப்பு இதைச் சுமார் 3,100 ஆகக் குறைக்கிறது. இரைச்சலும் பெட்ரோல் செலவும் குறையும். ஓவர் டிரைவ் இல்லாத கார்களுக்கு அதைச் சேர்க்கலாம். ஃபோர்டு சியரா, மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஆகிய கார்களின் ஐந்து கியர் பெட்டிகளைப் பொருத்தும் தொகுப்புகளும் உள்ளன.

திறன் கூடினால் வெப்பமும் கூடும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்வது, தேவைப்பட்டால் மின்விசிறி பொருத்துவது, எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் அமைப்பைச் சோதிப்பது ஆகியவை எஞ்சின் வேலையோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

அதிவேகத்தில் காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கேற்ப வளர்கிறது. உச்ச வேகத்தை 10 விழுக்காடு உயர்த்த, திறனை ஏறத்தாழ 33 விழுக்காடு கூட்ட வேண்டும். ஆகவே எஞ்சினுக்குப் பெரும் பணம் செலவிட்டும் உச்ச வேகம் சொற்பமே உயரும். முந்திச் செல்லும்போதும் மேடேறும்போதும் கிடைக்கும் முடுக்கமே உண்மையான பயன். விரலுக்கேற்ற வீக்கம் என்பது இங்கும் பொருந்தும்: காரின் பயன் எதுவோ அதற்கேற்ற மேம்பாடு போதும்.

சட்டமும் மரபும்

பிரிட்டனில் 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. கடந்த 30 ஆண்டுகளுக்குள் அடிப்படை மாற்றம் செய்யப்பட்ட கார்களுக்கு இந்த விலக்கு இல்லை. அதே வகை எஞ்சினின் கொள்ளளவு மாறுவது அடிப்படை மாற்றமாகக் கருதப்படுவதில்லை. முற்றிலும் வேறு எஞ்சினை வைப்பது அவ்வாறு கருதப்படலாம். எந்த நாடாயினும், செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். மறைத்தால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம்.

மரபு பற்றிய கேள்வியும் உண்டு. வண்டி உரிமையாளர் மாறுவார். வண்டி அவருக்குப் பின்னும் இருக்கும். எனவே மேம்பாடுகளைத் திரும்பப் பெறக்கூடிய முறையில் செய்வது நல்ல வழக்கம். உடற்கூட்டை வெட்டாமல், இருக்கும் துளைகளிலேயே புதிய பாகங்களைப் பொருத்த வேண்டும். கழற்றிய கார்புரேட்டர், ஸ்பிரிங், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றுக்கு எண்ணெய் தடவி, பெயரெழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். அடுத்து வருபவர் காரை மூல நிலைக்கே கொண்டு செல்ல விரும்பினால், அதற்கான வழி திறந்திருக்கும்.

சுருக்கம்

1. உடற்கூட்டின் உறுதியைச் சோதித்துத் துருவை நீக்குதல்
2. பிரேக்குகளைப் புதுப்பித்தல்
3. டயர், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் ஆகியவற்றைச் சரிசெய்தல்
4. இருக்கும் எஞ்சினைச் சீராக்கி, பிறகு ஹெட், கேம், கொள்ளளவு, கார்புரேட்டர் என்ற வரிசையில் மேம்படுத்தல்
5. கியரையும் குளிர்விப்பையும் அதற்கேற்ப மாற்றுதல்

ஒவ்வொரு படிக்குப் பிறகும் சில நூறு கி.மீ. ஓட்டிப் பார்த்து, காரின் நடத்தையைக் குறித்துவைத்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால், எது நன்மை செய்தது, எது கோளாறு செய்தது என்று பிரித்தறிய முடியாது. பல உரிமையாளர்கள் மூன்றாம் படியை முடித்தவுடனேயே கார் தாங்கள் விரும்பியபடி ஆகிவிட்டதைக் கண்டு, எஞ்சினைத் தொடாமலே நிறுத்திக்கொள்கின்றனர்.